பத்து பேருக்கு இரண்டு வேளை

ரமலான் பிறை 1, வியாழன்

ஆண்டு முழுவதும் நாட்குறிப்பு எழுதுகிற பொறுமை எனக்கில்லை. ரமலானில் மட்டும் எழுதுவேன். வயிற்றுக்கு நோன்பு வைப்பது எனக்கு ஒன்றுமேயில்லை. வாய்க்கு வைப்பதுதான் பெரும்பாடு. யாரையாவது திட்ட வேண்டும்போல் வந்தால் ஒரு நோட்டில் எழுதித் தீர்த்துக்கொள், ஜொஹரா என்று என் வீட்டுக்காரர்தான் வழி சொல்லித் தந்தார். அவர் மவுத்தாகி நாலு ரமலான் ஆகிவிட்டது. திட்டுவதற்கு மட்டும் ஆள் குறையவில்லை.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு பல்கீஸ்தான் எழுப்பினாள். அலாரத்தை நம்பினால் நான் சுபுஹு பாங்குக்குத்தான் கண் விழிப்பேன். சோறு சூடாக இருந்தது. ஈரல் ஆணத்தை என் தட்டில் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு அவளும் அதே சட்டியிலிருந்துதான் போட்டுக்கொண்டாள். இந்தத் தெருவில் சில வீடுகளில் வேலைக்காரிக்குத் தனிக் குழம்பு வைக்கிறார்கள். என் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. நான் என்ன சாப்பிடுகிறேனோ அதுதான் அவளுக்கும்.

நிய்யத் வைத்தேன். இந்த மாதம் ஒரு கெட்ட வார்த்தையும் என் வாயில் வரக்கூடாது. இன்ஷா அல்லாஹ்.

பிறை 3, சனி

லுஹர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கான தஃலீம் எங்கள் கூடத்தில் தொடங்கியது. பாடம் நடத்த வருகிறவள் சைக்கிள் கடைக்காரர் மகள் தஸ்லிமா. பெண்கள் அரபிக் கல்லூரியில் ஐந்து வருடம் ஓதி ஆலிமா பட்டம் வாங்கி வந்திருக்கிறாள். வயது இருபத்து மூன்று. மூக்குத்தி போட்ட மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பேசுகிறாள். ஆனாலும் விஷயம் தெரிந்த பெண்.

பல்கீஸ் பாய் விரித்து, மின்விசிறியைத் துடைத்து, வந்தவர்களின் செருப்பையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாள். அடுத்த வீட்டிலிருந்து வந்த என் நாத்தனார் பரக்கத், பல்கீஸ் உங்களுக்கு மகள் மாதிரி என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் விடுவேனா? மாதிரி என்ன மாதிரி, மகளேதான் என்றேன். ஒன்பது வயதில் வந்தாள், இப்போது முப்பத்து நாலு. பெருநாளைக்கு எனக்கு எந்தத் துணியோ அதே துணியில்தான் அவளுக்கும். ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. முடியாத வேலையைச் செய்யச் சொன்னதில்லை. மாவாட்டும் கல்லை நகர்த்துவது என்றால் இன்னொரு பக்கம் நான்தான் பிடிப்பேன். வேலைக்காரி என்ற வார்த்தையே இந்த வீட்டில் வராது, எங்க புள்ளை என்றுதான் சொல்வேன்.

எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறை 6, செவ்வாய்

இன்றைக்கு என் நோன்பு நோன்பாகவே இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் இஸ்மத்துல்லா மாமா வந்தார். சின்னமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை பெயர் சிக்கந்தர். மிக்சி, குக்கர் ரிப்பேர் பார்க்கிறவன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை, தாயோடு இருக்கிறான். பெருநாள் கழித்து நிக்காஹ் வைக்க நம் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கு என்றேன். உங்க வீட்டு பல்கீஸுக்கு என்றார்.

ஒரு வருடமாக எங்கள் மிக்சி ஏன் மாதம் ஒருமுறை கெட்டுப்போனது என்பது அப்போதுதான் விளங்கியது.

அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிவாள் என்று எதிர்பார்த்தேன். குனியவில்லை.

"நாந்தாங்கா கேட்டு வரச் சொன்னேன்" என்றாள்.

என்ன சொன்னேன் என்பதை எழுதுவதற்கே கை கூசுகிறது. இத்தனை வருடம் சோறு போட்டதற்கு இதுதானா என்றேன். என் மகள் நிலோஃபருக்குப் பிரசவத்துக்கு உன்னை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேனே, அது என்ன ஆவது என்றேன். கடைசியில், இஸ்மத்துல்லா மாமாவும் கேட்டுக்கொண்டிருக்க, "அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்றேன், இந்த நிக்காஹுக்கு என் வாயால சரின்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

மாமா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. வீட்டுப் பெரியவர்கள் சரி என்று சொல்லாமல் ஜமாஅத் கடிதம் தருகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பல்கீஸ் உள்ளே போய் நோன்பு திறக்கக் கஞ்சியைச் சூடு பண்ணினாள்.

பிறை 7, புதன்

அவளோடு பேசவில்லை. அவள் பேசினாள். தண்ணீர் வந்துவிட்டது, தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்று எல்லாவற்றையும் வழக்கம்போலச் சொன்னாள்.

பிறை 8, வியாழன்

சென்னையிலிருந்து நிலோஃபர் போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னதும் குதித்தாள். அம்மா, பல்கீஸை எனக்குத் தர்றதாத்தானே சொன்னீங்க என்றாள். பக்ரீத் மாதம் பிரசவம், பெரியவனை யார் பார்த்துக்கொள்வது, கல்யாணம்தானே, அடுத்த வருடம் பண்ணிக்கொள்ளட்டும் என்றாள். எனக்கு அதுவே நியாயமாகப் பட்டது.

நான் ஒன்றும் அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறவள் இல்லை. முன்பு வந்த சம்பந்தங்களையும் விசாரித்துத்தான் பார்த்தேன். ஒருவன் குடிகாரன். ஒருவனுக்கு ஊர் ரொம்பத் தூரம். இன்னொருவனை என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்றேன், இப்போது ஞாபகம் வரவில்லை.

பிறை 11, ஞாயிறு

இஸ்மத்துல்லா மாமாவைத் தெருவில் பார்த்தேன். கோபத்தில் சொன்னதை மனதில் வைக்கவில்லை, ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும், கடிதம் கொடுத்துவிடுகிறேன் என்றார். சத்தியம் பண்ணிவிட்டேனே மாமா என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஏம்மா, அந்தப் புள்ளை உனக்கு என்ன முறையாகணும்?" என்று கேட்டார்.

மகள் என்றேன். அப்ப மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தியா என்றார். இல்லை என்றேன். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரிய மனுஷர், முகத்துக்கு நேரே திட்ட முடியாது. இங்கே எழுதுகிறேன்: இவருக்கு என்ன வந்ததாம்?

பிறை 14, புதன்

காலையிலிருந்து ஒற்றைத் தலைவலி. நோன்பை விட்டுவிடுங்கள் என்று பல்கீஸ் சொன்னாள். மாட்டேன் என்றேன். திரையை இழுத்துவிட்டு, என் தலையை மடியில் வைத்து, நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோதும் இந்தக் கைதான் அவரைப் புரட்டிப் போட்டது. நான் அழுதுகொண்டு நிற்பேன், இவள் வேலையைப் பார்ப்பாள்.

பொட்டை அழுத்திக்கொண்டே, நான் இல்லாமல் நீங்கள் சஹருக்கு எழுந்திருக்க மாட்டீர்கள், ஒரு நல்ல கடிகாரமாக வாங்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சத்தியத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. எப்போது சரி என்பீர்கள் என்று இந்த ஒரு வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனது ஆறியிருக்கும்.

இந்த வீட்டில் நாலு அறை இருக்கிறது. அவளும் போய்விட்டால் எதில் உட்கார்ந்து யாரோடு பேசுவது?

பிறை 17, சனி

சத்தியத்தை முறித்தால் என்ன செய்வது என்று தஃலீமில் கேட்கச் சொல்லி பரக்கத்திடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் தனக்காகக் கேட்பதுபோல் கேட்டாள். நான் எதுவும் தெரியாதவள்போலத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நல்ல காரியத்துக்குத் தடையாகச் சத்தியம் செய்திருந்தால் முறித்துவிட வேண்டும், அதுதான் சரி என்றாள் தஸ்லிமா. அதற்குக் கஃப்பாரா, அதாவது பரிகாரம், குர்ஆனிலேயே இருக்கிறது. பத்து ஏழைகளுக்கு நம் வீட்டாருக்குப் போடுகிற சாப்பாட்டைப் போட வேண்டும். நாங்கள் பின்பற்றும் சட்டப்பிரிவில், மத்ஹபில், இரண்டு வேளை, வயிறார. அல்லது பத்து பேருக்கு உடை. அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். எதற்கும் வசதியில்லாதவர் மூன்று நோன்பு வைக்க வேண்டும்.

"அடிமையை விடுறது இப்ப இல்லை. அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

பரக்கத் விடவில்லை. சாராயத்தை முழுவதுமாகத் தடுத்த மார்க்கம் அடிமை வைத்துக்கொள்வதை ஏன் அப்படித் தடுக்கவில்லை என்று கேட்டாள். தஸ்லிமா மூக்கைச் சுருக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். நோன்பை முறித்தால் ஓர் அடிமையை விடு, சத்தியத்தை முறித்தால் விடு, கைத்தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் விடு, ஜகாத்திலும் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கு என்று மார்க்கம் பல கதவுகளைத் திறந்து வைத்தது. விடுதலை செய்கிறவனுக்கு நரகத்திலிருந்து விடுதலை என்று நபிகள் நாயகம் சொன்னார்கள். கதவெல்லாம் திறந்திருந்தது, ஆனால் கடையை மூடு என்று உத்தரவு வரவில்லை. நம் ஆட்கள் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டே ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆள் வாங்கினார்கள், விற்றார்கள். மற்ற வேதக்காரர்களும் அப்படித்தான். யூதர்களின் சட்டத்தில் ஏழாம் வருடம் விடுதலை உண்டு, அதுவும் சொந்த இனத்தானுக்கு மட்டும். கிறிஸ்தவர்களின் நிருபங்களில் எஜமானுக்குக் கீழ்ப்படி என்று இருக்கிறது. மனுவின் சட்டத்தில் அடிமைகளுக்கு வகை வகையாகப் பெயர் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கடையையும் கடைசியில் அரசாங்கச் சட்டம் வந்துதான் மூடியது.

"ஏன்னு நானும் எங்க உஸ்தாத்கிட்ட கேட்டேன். திடீர்னு விட்டா அவங்க எங்க போய்ச் சாப்பிடுவாங்கன்னு காரணம் சொன்னாங்க. எனக்கு அது முழுசா இறங்கலை மாமி. இறங்குச்சுன்னு நோன்பு வாயால பொய் சொல்ல மாட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். கேட்டதால் சொல்கிறேன் என்று, அடிமை வைத்திருப்பவனுக்கு மார்க்கம் என்னென்ன கடமை வைத்தது என்று வாசித்தாள். நீ உண்பதையே அவர்களுக்கும் கொடு. நீ உடுத்துவதையே அவர்களுக்கும் உடுத்து. அடிக்காதே. தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதே, சுமத்தினால் நீயும் கைகொடு. அடிமை என்று கூப்பிடாதே, என் பிள்ளை என்று கூப்பிடு.

என் கையில் தஸ்பீஹ் நின்றுவிட்டது. நான் பிறை மூன்றில் இதே கூடத்தில், இதே பாயில் உட்கார்ந்து சொன்னவை ஒவ்வொன்றும் அதில் இருந்தன. வரிசைகூட அதிகம் மாறவில்லை. யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தார்களா என்று தெரியாது. நான் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று வாசித்தாள். பருவமடைந்த சுதந்திரமான பெண்ணின் நிக்காஹ் அவள் சொந்தச் சம்மதத்தில் நிற்கிறது. அடிமைப் பெண்ணின் நிக்காஹ் எஜமான் சம்மதம் இல்லாமல் நிற்காது.

எல்லாரும் போன பிறகு, மகளுக்கு என்ன கடமை என்று தஸ்லிமாவிடம் கேட்டேன். கல்வி, சொத்தில் பங்கு, கல்யாணத்தில் அவள் பேச்சுக்கு மதிப்பு என்றாள். நிலோஃபர் பி.காம். பல்கீஸ் மதரஸாவில் குர்ஆன் முடித்ததோடு நின்றுவிட்டாள். வீட்டில் வேலை இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தெரியவில்லை.

பிறை 18, ஞாயிறு

ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அடிமையாம்! எந்தச் சந்தையில் போய் வாங்கினேன்? முளைத்து மூன்று இலை விடாத பெண் என் கூடத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்கிறது.

பல்கீஸ் எப்படி வந்தாள் என்று எனக்கல்லவா தெரியும். தகப்பன் செத்து, ஐந்து பிள்ளைகளோடு அவள் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். இதையாவது வைத்துக்கொள்ளுங்கம்மா, மூணு வேளை சாப்பிடட்டும் என்று அழுதாள். நான் அந்தத் தாய்க்கு ஒரு மூட்டை அரிசியும் புதுச் சேலை ஒன்றும் கொடுத்து அனுப்பினேன். அது உதவி. யாராக இருந்தாலும் கொடுப்பார்கள்.

பல்கீஸ் அன்றைக்கு அழவில்லை. தாய் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கே பெருக்கணும் என்று கேட்டாள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

பிறை 21, புதன்

தஸ்லிமாவின் வீட்டுக்கே போனேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கஃப்பாரா பரக்கத்துக்கில்லை, எனக்குத்தான் என்றேன். தெரியும் மாமி என்றாள். ஊருக்கே தெரியும்போல.

சாப்பாடு வேண்டாம், உடை வேண்டாம், நான் மூன்றாவதையே, அந்த விடுதலையையே செய்துவிடுகிறேன் என்றேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். தவற்றை ஒத்துக்கொண்டது மாதிரியும் ஆயிற்று, பெரிய நன்மையும் கிடைக்கும் என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு. அந்தப் பெண் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது முடியாது மாமி. சுதந்திரமான ஆளை யாராலயும் அடிமையாக்க முடியாது. அதுவே பெரிய பாவம். பல்கீஸ் அக்கா பொறந்ததுலருந்து சுதந்திரம்தான். உங்ககிட்ட இல்லாததை நீங்க எப்படி விடுவீங்க?"

அப்படியானால் என் சம்மதம் என்று இழுத்தேன். மார்க்கப்படி அவளுக்கு அது தேவையில்லை, ஜமாஅத் வழக்கத்துக்காக நிற்கிறது, அவ்வளவுதான் என்றாள். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள், அது போதும். ஆனால் உங்கள் பொறுப்பில் சாப்பிடுகிற வீட்டு ஆள் யாரும் அந்தப் பத்தில் சேரக்கூடாது, வெளி ஆளாக இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னாள்.

இறங்கி வரும்போது படியில் கைப்பிடித்து விட்டாள். நல்ல பெண். பிறை பதினெட்டில் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

பிறை 22, வியாழன்

நோன்பு திறந்த பிறகு பல்கீஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்காலியில் உட்கார் என்றேன். தரையிலேயே உட்கார்ந்தாள். நானும் தரையில் இறங்கினேன், மூட்டு கத்தியது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உன்னை விட்டுட்டேன் பல்கீசு. நீ போகலாம்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன்.

"என்னக்கா, மாட்டையா அவுத்து விடுறீக? போகணும்னா போன வருசமே போயிருப்பேன். பஸ்ஸுக்கு வழி தெரியாதா எனக்கு? எனக்குன்னு யாரு இருக்கா? என் நிக்காஹ்ல நீங்க வந்து நிக்கணும்னுதானே கடிதம் கேக்க விட்டேன்."

அழுதாள். நானும் அழுதேன். அவள் கேட்டது அனுமதி இல்லை. கூட வந்து நிற்க ஓர் ஆள். அதைத்தான் நான் சத்தியம் பண்ணி மறுத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று நினைத்தேன், சொல்ல வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் முந்திக்கொண்டு வருகிற வாய் இது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் விடவில்லை.

அப்புறம் கேட்டேன். நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லையாம்.

பிறை 27, செவ்வாய்

காலையிலேயே பரக்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி சின்னமனூர் போய் சிக்கந்தரைப் பார்த்தேன். முன்பல் விழுந்த, சாதுவான ஆள். தாய்க்குக் கண் சரியாகத் தெரியாது. மிக்சி உண்மையிலேயே கெட்டுப்போனதா என்று கேட்டேன். பாதி தடவைம்மா என்றான். எனக்குப் பிடித்துவிட்டது.

திரும்பி வந்து இஸ்மத்துல்லா மாமாவிடம் என் வாயால் சரி என்று சொன்னேன். சத்தியம் முறிந்தது. மாமா அல்ஹம்துலில்லாஹ் என்றார். பெருநாள் கழித்து, ஷவ்வால் மாதம் பிறை பத்தில் நிக்காஹ்.

நிலோஃபரிடம் சொன்னேன். அப்ப எனக்கு யாரு என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். பிரசவத்துக்கு நானே போகிறேன். எனக்கும் இரண்டு கை இருக்கிறது.

ஷவ்வால் பிறை 1, சனி

பெருநாள். ஒரே துணியில் இரண்டு பேருக்கும் எடுக்கவில்லை. கடையில் அவளையே எடுக்கச் சொன்னேன். கத்தரிப்பூ நிறத்தில் எடுத்தாள். அந்த நிறம் அவளுக்குப் பிடிக்கும் என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஷவ்வால் பிறை 3, திங்கள்

இன்றைக்குக் கஃப்பாரா சாப்பாடு. மதியம் ஒரு வேளை, இரவு ஒரு வேளை.

என் சத்தியத்துக்கு நான்தான் சமைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நீ அடுப்படிக்குள் வந்தால் பார் என்று பல்கீஸை பரக்கத் வீட்டுக்கு விரட்டிவிட்டேன். விரட்டிய பிறகுதான் மல்லித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் முழித்தேன். என் வீட்டு அடுப்படி, எனக்கே அந்நியமாக இருக்கிறது. சோறு குழைந்துவிட்டது. ஆட்டுக்கறி ஆணத்தில் உப்பு தூக்கல். தாளிச்சா மட்டும் சுமாராக வந்தது.

கீரை விற்கிற அம்மா, பள்ளிவாசல் படியில் உட்காரும் தம்பதி, பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று நேற்றே பத்து பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். கூடத்தில் பாய் விரித்துப் பத்து இலை போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். கத்திச் சாணை பிடிக்கிறவர் வரவில்லை. அவர் கம்பம் ஊருக்குப் போய்விட்டதாகக் கீரைக்கார அம்மா சொன்னாள். வந்தவர்களைப் பசியோடு எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? ஒன்பது பேருக்கும் பரிமாறிவிட்டு, பத்தாவதற்கு யாரைக் கூப்பிடலாம் என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பல்கீஸ் வந்தாள். கொல்லை வழியாக வரவில்லை, தெருவாசல் வழியாக வந்தாள். கத்தரிப்பூச் சேலை கட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, காலியாக இருந்த இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நான் குனிந்து அவள் காதோடு சொன்னேன். நம்ம வீட்டு ஆளுக்குப் போட்டால் கஃப்பாரா கூடாது, தஸ்லிமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

"தஸ்லிமாகிட்ட கேட்டுட்டுத்தாங்கா வாரேன். நான் ஏழைதான், எனக்குன்னு ஒண்ணும் இல்லை. பரக்கத்தக்கா அவுக வீட்டு மாடி ரூமைத் தந்திருக்காக, நிக்காஹ் வரைக்கும் அங்கதான் இருப்பேன்." என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் இந்த வீட்டு ஆளு இல்லைக்கா. எனக்குப் போடலாம்."

அதில் கோபம் இல்லை. கடையில் என்ன விலை என்று சொல்வதுபோல் சொன்னாள். சோற்றுச் சட்டியை எடுத்து வந்து அவள் இலையில் போட்டேன். ஆணம் ஊற்றினேன். பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். நான் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். இத்தனை வருடத்தில் அவள் சாப்பிடுவதை நான் நின்று பார்த்தது இல்லை. எனக்குப் பிறகுதான் சாப்பிடுவாள், அப்போது நான் படுத்திருப்பேன்.

பாதியில் தலையைத் தூக்கி, "இன்னும் ரெண்டு கறி போடுங்கக்கா" என்றாள். அவள் என்னிடம் இன்னும் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. தேடித் தேடி நல்ல துண்டாகப் போட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் பக்கத்து இலையையும் சேர்த்து எடுக்கப் போனாள். விருந்தாளி இலை எடுக்கக் கூடாது, வை என்றேன். வைத்துவிட்டாள். எல்லாரும் கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் இரவுக்கும் வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவளிடமும் சொன்னேன். வாரேக்கா என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு பரக்கத் வீட்டைப் பார்த்துத் தெருவில் நடந்து போனாள்.

பத்து இலையையும் எடுத்துப் போட்டுவிட்டு, பாயைத் துடைத்துவிட்டு, இதை எழுதுகிறேன். இரவுக்குப் பத்து பேருக்கு அரிசி ஊறுகிறது.